வீடற்றோருக்கான ஒரு கிறிஸ்தவ இல்லம்: ஜெராக்ஸ் கடைக்காரனின் மதிப்புரை

திருப்பூர் பழைய பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு சிறிய ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், கடையின் தகரக் கொட்டகைக்குக் கீழே ஒரு பெரியவர் இரவில் வந்து படுத்துக்கொண்டிருந்தார். காலை எட்டு மணிக்கு நான் ஷட்டரைத் தூக்க வருவதற்குள் அட்டைப்பெட்டிப் படுக்கையை மடித்து வைத்து, வாசலையும் கூட்டிவிட்டுப் போய்விடுவார் என்பதால், வாசல் அவ்வளவு சுத்தமாக இருப்பதற்கு மாநகராட்சிப் பணியாளர்களே காரணம் என்று ஏறக்குறைய ஒரு மாதம் நினைத்திருந்தேன். ஐப்பசி மழையில் ஒரு நாள் அவரால் எழுந்து போக முடியவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் வழி சொல்ல, ஊருக்கு வடக்கே ஒரு கிறிஸ்தவச் சபையினர் நடத்தும் வீடற்றோர் இல்லத்துக்கு அவரை ஆட்டோவில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அன்றிலிருந்து பெரும்பாலான சனிக்கிழமை மாலைகளில் அங்கே போய், தங்கியிருப்பவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து வருகிறேன். நான் கிறிஸ்தவன் அல்லன். பெரிய நன்கொடை எதுவும் கொடுத்தவனும் அல்லன். இந்த மதிப்புரையைப் படிக்கும்போது இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இல்லத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கிருந்து பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் தெரு முகவரியை மட்டுமே சொல்லிக்கொள்கிறார்கள். ‘ஹோம் ஆளு’ என்ற பட்டம் ஒருமுறை விழுந்துவிட்டால், அடுத்த மேசையில் பொருள் காணாமல் போகும்போது முதலில் சோதனை போடப்படுவது அவர்களுடைய பைதான். இல்லத்தைத் தேடுகிறவர்கள் ஊருக்குள் எந்தச் சபையில் விசாரித்தாலும் வழி சொல்வார்கள்.

தெருவில் படுப்பவர்களைப் பற்றி எனக்கும் மற்றவர்களைப் போல ஓர் அலட்சியம் இருந்தது. வேலை கொட்டிக்கிடக்கும் ஊரில் இவர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்பதுதான் அது. விண்ணப்பம் எழுத உட்கார்ந்த பிறகுதான், இந்த ஊரில் வேலையும் படுக்கையும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டவை என்பது புரிந்தது. தென் மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் தனியாக வருகிறவர் கம்பெனி விடுதியிலோ, நான்கைந்து பேரோடு சேர்ந்து ஒரு லைன் வீட்டிலோ தங்குகிறார். ஆர்டர் குறைந்து வேலை நின்றால் அந்த வாரமே விடுதியும் நின்றுவிடும். பார்வை மங்கி செக்கிங் மேசையில் பிழைவிடத் தொடங்கியவருக்கும், அயர்ன் பிடிக்கும் கையில் அடிபட்டவருக்கும் இதே கதிதான். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிகளைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு வட்டிக்காரருக்கு அஞ்சி வந்தவர்களும் அங்கே உண்டு. குடியால் வீட்டை விட்டு வந்தவர்களும் உண்டு. காடுகரையைப் பங்கு பிரித்துக்கொண்ட பிள்ளைகள் தங்கள் பங்கில் சேர்த்துக்கொள்ளாத தகப்பன்மாரும் உண்டு. என் வாசலில் படுத்திருந்த பெரியவர் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது வேலை போனது. அதன் பிறகு நிலையான வேலை எதுவும் அவருக்கு அமையவில்லை.

முதலில் கட்டடம். சபையின் பழைய பள்ளிக்கூடம். ஓட்டுக் கூரை, உயரமான சுவர், வேப்பமரம் நிற்கும் முற்றம். ஆண்கள் படுக்கும் கூடத்தை என் கடை டேப்பால் ஒருநாள் அளந்தேன்: 54 அடி நீளம், 30 அடி அகலம், 36 கட்டில்கள். ஆளுக்கு 45 சதுர அடி வருகிறது. உணவு உரிமை வழக்கின் தொடர்ச்சியாக, பெரிய நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு நூறு பேர் தங்கும் ஒரு காப்பகமாவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது. அதன்பின் 2013-இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த நெறிமுறைப்படி ஆளுக்கு 50 சதுர அடி இருக்க வேண்டும். ஆக, நான்கு கட்டில்களை எடுத்துவிட்டால் கணக்கு சரியாகிவிடும். இதைச் சொன்னபோது காப்பாளர், “அந்த நாலு பேரு யாருன்னு நீங்களே சொல்லீட்டுப் போங்க சார்” என்றார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 17 லட்சத்துக்கு மேற்பட்டோர் வீடற்றவர்களாகப் பதிவாகியிருக்கும்போது, அவரிடம் மேற்கொண்டு வாதாட எனக்கு மனம் வரவில்லை. கழிவறைகளைப் பற்றி மட்டும் சொல்லியே தீர வேண்டும். ஆறு இருக்கின்றன, இரண்டின் தாழ்ப்பாள் ஓராண்டாக வேலை செய்யவில்லை. படியேற முடியாதவர்களுக்குச் சாய்தளம் கிடையாது.

முதல் இரவை அவர்கள் நடத்தும் விதத்தில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. பெரியவரைக் கொண்டுபோன அன்று, பெயர், ஊர், சாதி, மதம் எதையும் கேட்கவில்லை. வலிப்பு உண்டா, சர்க்கரை உண்டா, இருமல் எத்தனை நாளாக என்ற மூன்று கேள்விகள்தான். “மொதல்ல குளிச்சுட்டு வாங்கய்யா, பேசறதையெல்லாம் நாளைக்குப் பேசிக்கலாம்” என்று சொல்லிக் காப்பாளர் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப்போனார். அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. இழுத்தால் தோல் உரியும் என்று, வெந்நீரை மேலே ஊற்றி ஊறவைத்து, தையல் ஓரமாகக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார்கள். வெட்டிய சட்டையைத் தூக்கி எறியாமல் அதன் பையைத் துழாவி, அதிலிருந்த ஈரக் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஒரு வட்டலில் உலர வைத்தார் சமையல்கார அம்மா. ஒரு பேருந்துப் பயணச்சீட்டு, மங்கிப்போன மருந்துச் சீட்டு, யாருடைய எண்ணோ எழுதிய பீடிக்கட்டுத் தாள். மறுநாள் அவர் விழித்தபோது அந்த வட்டல் தலைமாட்டில் இருந்தது. இரவுச் சாப்பாடு அரிசியும் பருப்புஞ்சோறு. மேலே ஒரு கரண்டி நெய். 1865-இல் லண்டனில் தொடங்கிய இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற கிறிஸ்தவ அமைப்பினர் சூப்பு, சோப்பு, இரட்சிப்பு என்று ஒரு வரிசை சொல்வார்கள். இங்கே சோப்பு முதலில், சோறு அடுத்து. மூன்றாவதுக்கு அவசரம் காட்டவில்லை.

இருமல் பற்றிய கேள்விக்குக் காரணம் இருந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருப்பவரை அவர்கள் கூடத்தில் படுக்க வைப்பதில்லை. தனி அறையில் வைத்து, மறுநாளே அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். பெரியவருக்குக் காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாத மாத்திரையை ஒரு நாளும் விடாமல் விழுங்க வைத்த பெருமை அந்தச் சமையல்கார அம்மாவையே சேரும். வாசலில் படுத்திருந்தவரிடம் நான் மாத்திரைப் பட்டையைக் கொடுத்திருந்தால் இரண்டாம் வாரமே அது சாக்கடையில் மிதந்திருக்கும்.

குடிநோயாளிகளை ஏற்பதில் முன்பு ஒரு தவறு நடந்திருக்கிறது. அதை அவர்களே மறைக்காமல் சொன்னார்கள். பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம்; இரண்டாம், மூன்றாம் நாளில் கைநடுக்கத்தோடு சித்தம் கலங்கி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும் நிலை வரலாம்; கவனிக்காவிட்டால் உயிரே போகும். ஜெபமும் மோரும் போதும் என்று நம்பியிருந்த காலத்தில் ஒருவருக்கு நள்ளிரவில் வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறார். இப்போது அப்படி வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அரசு மருத்துவமனையில் சில நாட்கள் இருந்துவிட்டுத்தான் இல்லத்துக்கு வருகிறார்கள். மனநோயால் அலைகிறவர்களைக் காவலர்கள் சில இரவுகளில் இங்கே இறக்கிவிட்டுப் போவதுண்டு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவர்களை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டியது காவல் துறையின் கடமை என்பதைக் காப்பாளர் ஒரு தாளில் அச்சிட்டு வாசலிலேயே ஒட்டி வைத்திருக்கிறார். அந்தத் தாளை அச்சடித்தது என் கடை.

நான் கண்ட வரையில் இந்த இல்லத்தின் உண்மையான பலம் காகித வேலையில் இருக்கிறது. சோறும் கட்டிலும் பல இடங்களில் கிடைக்கும். இழந்த அடையாளத்தை ஒவ்வொரு காகிதமாக மீட்டுக் கொடுக்கும் பொறுமையை வேறெங்கும் நான் பார்க்கவில்லை. பெரியவரிடம் ஆதார் அட்டை இல்லை; எப்போதோ எடுத்திருக்கிறார், எண் நினைவில்லை, அதில் இணைத்த கைப்பேசி எண்ணும் போய்விட்டது. புதிதாகப் பதியலாம் என்றால், கைரேகையும் கருவிழியும் ஏற்கெனவே பதிவில் இருப்பதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். பழைய எண்ணைத் தேடலாம் என்றால், சாயத் தொட்டியில் தேய்ந்த அவர் விரல்களைக் கருவி ஏற்கவே இல்லை. பத்து விரல்களையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தும் பார்த்தோம். மூன்றாம் முறை போனபோது, மையத்தில் இருந்த பெண் கருவிழியை வைத்துத் தேடிப் பன்னிரண்டு இலக்கங்களையும் எடுத்துக் கொடுத்தார். முகவரிச் சான்றுக்கும் வழி இருக்கிறது: அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் தலைவர் ஆதார் ஆணையத்தின் படிவத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்தால் அதையே முகவரியாக ஏற்றுக்கொள்கிறார்கள். அந்தப் படிவத்தை நிரப்புவதில்தான் என் சனிக்கிழமைகளில் பாதி கழிகிறது.

ஆதார் வந்ததும் மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஜன்தன் கணக்கு, அதன் வழியாகக் காசநோயாளிகளுக்கு ஊட்டச்சத்துக்கென இப்போது வழங்கப்படும் மாதம் 1,000 ரூபாய், அறுபது வயது கடந்த ஆதரவற்றோருக்கான 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. வாக்காளர் பட்டியலில் சேர வீடு வேண்டும் என்று நானும் நினைத்திருந்தேன். தெருவில் தூங்குபவருக்கு முகவரிச் சான்றே தேவையில்லை. அவர் படிவத்தில் சொன்ன இடத்தில்தான் படுக்கிறாரா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து பார்க்க வேண்டும் என்பதே விதி. இதைக் காப்பாளர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இத்தனை ஆண்டுகள் எத்தனையோ பேரை ‘வீட்டு வாடகை ஒப்பந்தம் கொண்டு வாங்க’ என்று கடையிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

உடம்பு தேறியதும் வேலை. பிசிர் வெட்டுதல், மடித்தல், பேக்கிங் என்று உட்கார்ந்தோ நின்றோ செய்யக்கூடிய வேலைகளுக்குச் சபையைச் சேர்ந்த கம்பெனிக்காரர்கள் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். சிக்கல் வேலை நேரத்தால் வந்தது. இல்லத்தின் கதவு இரவு ஒன்பதுக்கு மூடப்படும். கம்பெனியிலோ ஒன்றரை ஷிப்ட் முடியவே ஒன்பதாகும். அவசர ஆர்டர் வந்தால் நள்ளிரவும் ஆகும். கதவுக்கு வெளியே மூன்று பேர் விடியும்வரை உட்கார்ந்திருந்த ஓர் இரவுக்குப் பிறகுதான், மேற்பார்வையாளர் கைப்பேசியில் சொன்னால் கதவைத் திறக்கும் ஏற்பாடு வந்தது. வேலைக்கு அனுப்பிவிட்டு வேலை நேரத்தை மறந்த விதியை வைத்திருந்தது, அத்தனை நல்ல மனிதர்களிடம் நான் எதிர்பாராத ஒன்று.

சனிக்கிழமை சம்பள நாள். அன்று மாலை கம்பெனிக்கும் இல்லத்துக்கும் நடுவில் எத்தனை டாஸ்மாக் கடைகள் என்பது அங்கிருக்கும் ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். அதனால் பாஸ்டரே சம்பள நேரத்துக்கு வேன் அனுப்புகிறார். இல்லத்துக்கு வந்ததும் கையிலுள்ள பணத்தை எண்ணி எழுதி, திங்கட்கிழமை அவரவர் வங்கிக் கணக்கில் கட்டுகிறார்கள். பாஸ்புத்தகம் அவரவரிடமே இருக்கும். ஏடிஎம் அட்டை மட்டும் காப்பாளரின் அலமாரியில். இது எனக்கு உறுத்தியது. வளர்ந்த மனிதரின் அட்டையை இன்னொருவர் பூட்டி வைப்பதை எந்த நல்ல நோக்கத்தின் பேரிலும் ஒப்புக்கொள்ள முடியாது என்று சொன்னேன். இப்போது விருப்பம் எழுதிக் கொடுத்தவர்களின் அட்டை மட்டுமே அலமாரியில் இருக்கிறது. கேட்டால் மறுநாள் காலை தரப்படும். அந்த ஓர் இரவு இடைவெளி தங்களைப் பலமுறை காப்பாற்றியதாக இரண்டு பேர் என்னிடம் சொன்னார்கள். என் உறுத்தல் பாதி குறைந்திருக்கிறது.

மதம் குறித்துப் பலரும் கேட்பதால் பார்த்ததை எழுதுகிறேன். காலை ஆறு மணி ஜெபத்துக்கு வருவது அவரவர் விருப்பம் என்று பலகை இருக்கிறது. நடைமுறையில், வராதவர்கள் அந்த நேரத்தில் முற்றத்தைக் கூட்ட வேண்டும். கூட்டுவதைவிட உட்காருவது எளிது என்பதால் பெரும்பாலோர் உட்காருகிறார்கள். கூட்டும் வேலையை ஜெபத்துக்குப் பின் எல்லோருக்கும் முறை வைத்துக் கொடுத்துவிட்டால் பலகையில் எழுதியது உண்மையாகிவிடும். மதம் மாறச் சொல்லி யாரையும் வற்புறுத்தி நான் பார்த்ததில்லை. ரமலான் மாதத்தில் நோன்பிருந்த ஒருவருக்காகச் சமையலறையில் விடியுமுன் அடுப்பு பற்ற வைத்ததையும், பெரியவர் தலைமாட்டில் முருகன் படம் ஒட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஒரு மாலை, படிவங்களோடு காத்திருந்தபோது, நல்ல சமாரியன் கதையைப் பாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார். அடிபட்டவனைத் தூக்கிவந்து சத்திரத்தில் சேர்த்த சமாரியன் இரண்டு காசைக் கொடுத்துவிட்டு மறுநாள் போய்விடுகிறான். புண்ணைத் துடைத்துக்கொண்டு இருந்தவர் சத்திரக்காரர், அவருக்குப் பெயரும் இல்லை புகழும் இல்லை என்றார். சமையல்கார அம்மா அப்போது உள்ளே போசி கழுவிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமாரியர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிறந்தநாள், திருமண நாள், திதி என்று உணவு வழங்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையையே கேட்கிறார்கள். ஒரு ஞாயிறன்று மூன்று குடும்பங்கள் வந்து, காலையில் கேசரியும் மதியம் பிரியாணியும் மாலையில் கேக்குமாகக் கொடுத்ததில், சர்க்கரை நோயாளிகள் நால்வருக்குத் திங்கட்கிழமை தலைசுற்றல். செவ்வாய்க்கிழமையோ ரசமும் அப்பளமும்தான். வட்டலை நீட்டிக்கொண்டு நிற்பவரின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை இல்லத்தார் நெடுநாள் பொறுத்துக்கொண்டார்கள். ஒருவருடைய மகள் அந்தப் படத்தைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு அழுது பேசிய பிறகு தடை செய்துவிட்டார்கள். தடை செய்ததும் முன்பதிவு குறைந்தது என்று காப்பாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இந்த இல்லத்தின் மீது எனக்குள்ள பெரிய குறை, குடும்பத்தோடு சேர்த்து வைப்பதில் அவர்கள் காட்டும் வேகம். மகனும் தகப்பனும் கட்டிப்பிடித்து நிற்பதை ஒரு வெற்றியாகவே எண்ணிவிடுகிறார்கள். பெரியவருக்குக் காசநோய் குணமான மாதத்தில், காங்கயம் பக்கம் இருந்த அவர் மகன்களைக் கண்டுபிடித்து, வேனில் அழைத்துப்போய் விட்டுவிட்டு வந்தார்கள். பதினேழாம் நாள் காலை என் கடை வாசல் கூட்டப்பட்டிருந்தது. நான்கு முனைகளும் ஒட்டி மடித்த அட்டைப்பெட்டி ஓரமாக இருந்தது. உதவித்தொகை வரும் வங்கி அட்டையை மருமகள் வாங்கி வைத்துக்கொண்டதாகவும், மாட்டுக் கொட்டகையில் படுக்கை போட்டதாகவும், அதைவிட இந்த வாசல் தேவலை என்று வந்துவிட்டதாகவும் சொன்னார். இல்லத்துக்கு மறுபடி அழைத்துப்போனபோது காப்பாளர் தலைகுனிந்து, “நாங்க போய்ப் பாத்திருக்கோணுமுங்க” என்றார். அதன்பின் வீட்டுக்கு அனுப்பியவர்களை ஒரு வாரத்திலும் ஒரு மாதத்திலும் சென்று பார்க்கும் வழக்கம் வந்திருக்கிறது. இன்னும் அது ஆள் இருந்தால் நடக்கிறது, இல்லாவிட்டால் தள்ளிப்போகிறது.

வெளியே வீடு எடுத்துக் கொடுப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். தனி ஆளுக்கு வீடில்லை என்பது ஊர் முழுக்க எழுதப்படாத சட்டம். கொடுத்தாலும் பல மாத வாடகையை முன்பணமாகக் கேட்பார்கள். மூன்று பேரைச் சேர்த்து ஒரு லைன் வீடு பார்த்து, பாஸ்டரே நேரில் போய் வீட்டுக்காரரிடம் பொறுப்பேற்று, சேமிப்பிலிருந்து பாதியும் இல்லத்திலிருந்து பாதியுமாக முன்பணம் கொடுக்கிறார்கள். இல்லத்தின் பங்கு, வீட்டைக் காலி செய்யும்போது அடுத்தவருக்காகத் திரும்பி வருகிறது. பெரியவர் இப்போது அப்படி ஒரு வீட்டில், வேறு இரண்டு பேருடன் இருக்கிறார். ஒரு நூல் குடோனில் இரவுக் காவல்.

பெண்கள் பகுதி தனி வாடகை வீட்டில் நடக்கிறது. என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு, பராமரிப்பு நன்றாக இருப்பதாகவும், பதினொரு பேருக்கு ஒரே கழிவறை என்பது அநியாயம் என்றும் சொன்னார். ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் நான் நான்கு போடுவேன். கழிவறைக்காகக் குறைத்தது அந்த ஒன்று.

யாரையாவது சேர்க்க விரும்புகிறவர்கள் மாலை ஆறு மணிக்குள் கொண்டுபோவது நல்லது; அப்போதுதான் மருத்துவமனைக்கு அனுப்ப ஆள் இருப்பார்கள். பொருள் கொடுக்க விரும்புகிறவர்கள் செவ்வாய்க்கிழமை போகலாம். பழைய பட்டுச் சேலையும் கிழிந்த பேண்ட்டும் அங்கே ஓர் அறை நிறையக் கிடக்கின்றன. புது லுங்கி, உள்ளாடை, எட்டாம் எண், ஒன்பதாம் எண் செருப்பு ஆகியவைதான் எப்போதும் பற்றாக்குறை. ஒன்றரை, இரண்டு பவர் உள்ள படிக்கும் கண்ணாடிகள் கிடைத்தால் பத்து வாங்கிக் கொடுங்கள். செக்கிங் மேசைக்குத் திரும்பிப் போக அங்கே நான்கு பேர் காத்திருக்கிறார்கள்.